பழைய புல்லட்: எண்ணெய்க் கசிவும் மின்னேற்றக் கோளாறும்

ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 என்பது வட சென்னையின் திருவொற்றியூரில் நீண்டகாலம் தயாரிக்கப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஆகும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கிய திருவொற்றியூர் ஆலை, சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கியது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்ட பின்னும் அதே அடிப்படை வடிவத்தில் புல்லட் சென்னையில் உருவாகிக்கொண்டே இருந்தது. 1994-ல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2008, 2009-ஐ ஒட்டி எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த புதிய எஞ்சின் அறிமுகமாகி, பழைய எஞ்சின் விடைபெற்றது.

இக்கட்டுரை அந்தப் பழைய எஞ்சினைப் பற்றியது. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனதால் மெக்கானிக்குகள் இதைக் 'காஸ்ட் அயர்ன்' என்று அழைக்கின்றனர். சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ., கொள்ளளவு 346 கன செ.மீ. இந்த எஞ்சின் கொண்ட வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அபிராமபுரம், மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தூண்களுக்கு இடையே உள்ள வண்டி நிறுத்துமிடத்தில், அடியில் அட்டைப் பெட்டியை விரித்து நிறுத்தியிருக்கும் புல்லட்டைக் காணலாம். அப்பா வாங்கிய வண்டி மகனுக்கு வந்திருக்கும். அட்டையும் கூடவே வந்திருக்கும்.

ஆயில் ஒழுகாத புல்லட் என்றால் அதில் ஆயிலே இல்லை என்று அர்த்தம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கேட்கச் சுவையான பேச்சுதான். ஆனால் இந்த வேடிக்கையை நம்பிக் கசிவைக் கண்டுகொள்ளாமல் விட்டு எஞ்சினைப் பாழாக்கியவர்கள் உண்டு. நல்ல நிலையில் உள்ள பழைய புல்லட்டில் கசிவு மிகக் குறைவாகவே இருக்கும். தரையில் வட்டமாக எண்ணெய் தேங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கவும் முடியும். பேட்டரி அடிக்கடி இறங்கிப்போவதற்கும் இது பொருந்தும். இவ்விரு கோளாறுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றினாலும், இந்த எஞ்சினில் அவை சந்திக்கும் இடம் ஒன்று உண்டு.

எண்ணெய் செல்லும் பாதை

புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி தனியாக வெளியே இல்லை. எஞ்சின் கூட்டுக்குள்ளேயே, கிராங்க் சுழலும் அறைக்குப் பின்புறம் தடுப்புச் சுவருடன் அமைந்திருக்கிறது. வலப்பக்க டைமிங் மூடிக்குள் இரண்டு பம்புகள் உள்ளன. ஒன்று தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து, ஃபெல்ட் வடிகட்டி வழியாகக் கிராங்கின் பெரிய முனை பேரிங்குக்கு அனுப்புகிறது. மற்றது கிராங்க் அறையின் அடியில் சேரும் எண்ணெயைத் திரும்ப எடுத்து, வெளியே தெரியும் குழாய்கள் வழியாக மேலே ராக்கர்களுக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து எண்ணெய் புஷ்ராடுகள் நிற்கும் குழல்கள் வழியே டைமிங் அறைக்கு இறங்கி, மீண்டும் தொட்டியை அடைகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராக்கருக்கு எண்ணெய் போவது திரும்பும் பம்பினால். எனவே மேலே எண்ணெய் வருகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு பெரிய முனை பேரிங்குக்கும் எண்ணெய் கிடைக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. வடிகட்டியை மாற்றும்போது அதன் வாசர்களைத் தவறான வரிசையில் பூட்டினாலோ, டைமிங் மூடியை ஒட்டும்போது எண்ணெய்த் துளையைப் பசை அடைத்துவிட்டாலோ, ராக்கர் நனைந்துகொண்டிருக்கும்போதே பேரிங் காய்ந்துபோகலாம்.

இடப்பக்கம் இருப்பது வேறு உலகம். அங்கே கிராங்கிலிருந்து கிளட்சுக்குச் செல்லும் இரட்டைச் செயின், தனக்கென்று சிறிதளவு எண்ணெய் கொண்ட ஒரு பெட்டிக்குள் ஓடுகிறது. இதைச் 'செயின் கேஸ்' என்பார்கள். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரும் இதே பெட்டிக்குள், அதே எண்ணெயில் நனைந்தபடி இருக்கிறது. கியர்பாக்ஸ் மூன்றாவது பகுதி. அதற்குத் தனி மசகு. ஆக இந்த வண்டியில் எண்ணெய் மூன்று தனித்தனி அறைகளில் இருக்கிறது. தரையில் விழும் சொட்டு எந்த அறையிலிருந்து வந்தது என்பதே முதல் கேள்வி.

எஞ்சின் விடும் மூச்சு

கசிவு என்றதும் பலரும் பேக்கிங்கைத்தான் குறை சொல்கின்றனர். பேக்கிங்கை மாற்றுகின்றனர், மாதம் ஒன்று கழியும், மீண்டும் கசிகிறது. உண்மையில் பல வண்டிகளில் பேக்கிங் குற்றவாளியல்ல; உள்ளே ஏறும் அழுத்தம் அதைத் தள்ளுகிறது.

பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன் அடியில் உள்ள 346 கன செ.மீ. காற்று இடம்பெயர வேண்டும். இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்கள் சிலவற்றில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது மற்றது ஏறி இதைச் சமன்செய்யும். ஒற்றைச் சிலிண்டரில் அந்த வசதி கிடையாது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 முறை இந்தக் காற்று வெளியே தள்ளப்படுகிறது. அதற்காகக் கிராங்க் அறையில் ஒரு சுவாசக் குழாய் உண்டு. அதன் நுனியில், வாத்தின் மூக்கைப் போலத் தட்டையான ரப்பர் வால்வு பல மாடல்களில் இருக்கிறது. காற்று வெளியே போகும்போது இதழ்கள் திறக்கும். திரும்ப வர முயலும்போது ஒட்டிக்கொள்ளும். இதனால் எஞ்சின் ஓடும் நேரத்தில் உள்ளே சராசரி அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக நிற்கும். அந்த நிலையில் பேக்கிங்கில் சிறு இடைவெளி இருந்தாலும் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்.

இந்த ரப்பர் வெப்பத்தில் சில ஆண்டுகளில் இறுகிவிடுகிறது. இதழ்கள் ஒட்டிக்கொண்டால் காற்று வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறும். விரிந்தே நின்றுவிட்டால் காற்று உள்ளும் புறமும் போய்வந்து எண்ணெய் ஆவியை அள்ளி வரும். சோதனை மிக எளிது: ரப்பரைக் கழற்றித் துடைத்து வாயால் ஊதினால் ஒரு திசையில் மட்டும் காற்று போக வேண்டும். குழாய் மடங்கியிருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எஞ்சினைப் பிரிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. செலவும் மிகச் சிறியது.

சுவாசக் குழாய் சரியாக இருந்தும் அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும். தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி எரிவாயு கீழே இறங்குகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் புகை துடித்துத் துடித்து வரும். சைலன்சரிலும் நீலப்புகை தெரியும். இது பேக்கிங்கால் தீராது. சிலிண்டரைக் கழற்றி அளந்து, தேவையானால் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும்.

அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றுவதும் கசிவுக்குக் காரணமாகிறது. வண்டி பல நாள் நின்றால் தொட்டி எண்ணெய் பம்பின் வழியே மெல்ல ஊறிக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அப்போது அளவுக்குச்சியைப் பார்ப்பவருக்கு எண்ணெய் குறைந்ததாகத் தோன்றும். அரை லிட்டர் ஊற்றிவிடுவார். எஞ்சினைக் கிளப்பியதும் கீழே இறங்கிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப, மிகுதியானது சுவாசக் குழாய் வழியே வெளியேறும். எனவே எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும். எண்ணெயில் பெட்ரோல் வாடை வந்தால் அது வேறு சங்கதி. கார்புரேட்டரின் மிதவை ஊசி கசிந்து, பெட்ரோல் குழாயும் இரவு முழுதும் திறந்தே இருந்திருக்கும். அந்த எண்ணெயை அப்படியே மாற்றிவிட வேண்டும். நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்கைக் காக்காது.

கசியும் இடத்தைக் கண்டறிதல்

எண்ணெய் விழும் இடம் கசியும் இடமல்ல. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது, ஓடும்போது காற்று பின்னே தள்ளுகிறது. எஞ்சின் முழுக்க நனைந்த பிறகு எங்கிருந்து தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு எஞ்சினைக் கழுவித் துடைத்து முழுதும் காயவிட வேண்டும். பிறகு முகப்பவுடரையோ அரைத்த சாக்பீஸ் பொடியையோ சந்தேகமான இணைப்புகளின் மேல் மெல்லத் தூவ வேண்டும். வகுப்பறையில் வீணாகும் சாக்பீஸ் துண்டுகளுக்கு இதைவிட நல்ல பயன் இல்லை. ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்திப் பார்த்தால், பொடியில் மிக மேலேயும் மிக முன்னேயும் நனைந்திருக்கும் இடமே ஊற்று. அதற்குக் கீழே நனைந்தவை எல்லாம் வழிந்தவை.

சொட்டு விழும் இடத்தில் வெள்ளைத் தாளை இரவில் விரித்து வைப்பதும் உதவும். எஞ்சின் எண்ணெய் கறுத்து நீர்மையாக இருக்கும். கியர்பாக்ஸில் பலரும் கிரீஸ் கலந்த மசகைப் பயன்படுத்துவதால் அது கொழகொழப்பாக, தனி வாடையோடு வரும். செயின் கேஸ் எண்ணெய் இடப்பக்கமே விழும்.

வழக்கமாகக் கசியும் இடங்களில் முதலாவது, சிலிண்டரின் வலப்புற அடியில் உள்ள டாப்பெட் மூடி. ஒரே நட்டால் இறுக்கப்படும் மூடி இது. கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் மூடி வளைந்து, ஓரங்களில் கசிவு கூடுகிறது. அதைக் கழற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய நுண்ணிய எமரித் தாளில் மெல்லத் தேய்த்துச் சமமாக்கி, புதிய கார்க் பேக்கிங்கோடு அளவாக இறுக்கினால் போதும். ராக்கர் மூடிகளுக்கும் இதே வழிதான்.

ராக்கருக்குச் செல்லும் குழாய்களின் முனைகளில் செம்பு வாசர்கள் உண்டு. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும். திரும்பப் பூட்டினால் கசியும். புதியது கிடைக்காவிட்டால் பழைய வாசரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் மிருதுவாகிவிடுகிறது. எஃகு இதற்கு நேர்மாறு: அதைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கடினமாகும். செம்பின் இந்தக் குணத்தைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிடப் பட்டறையில் பார்ப்பவர் மறப்பதில்லை.

சிலிக்கான் பசையைப் பற்றி ஒரு சொல். பேக்கிங்குக்குப் பதிலாக இதை இருபுறமும் அப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. வெளியே பிதுங்கும் பசை கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே பிதுங்கும் பசை தெரிவதில்லை. அது இழையாகப் பிரிந்து எண்ணெயோடு பயணித்து, குறுகிய துளை ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு சொட்டை நிறுத்தப் போய் எஞ்சினின் முக்கிய பேரிங்கை இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. பசை தேவையெனில் மிக மெல்லிய பூச்சாக, துளைகளின் ஓரத்தைத் தவிர்த்துப் பூச வேண்டும். அலுமினியத்தில் உள்ள மரைகளையும் மறந்துவிடக் கூடாது. பலத்தைக் காட்டி இறுக்கினால் மரை பிய்ந்து வரும், பின்பு கடைசல்காரரிடம்தான் போக வேண்டும்.

இரண்டு கோளாறும் சந்திக்கும் பெட்டி

இடப்பக்கச் செயின் கேஸின் வெளிமூடியைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டு. மூடியின் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் ஓடுகிறது. இந்த ரப்பர் நன்றாக இருந்தால் நட்டை மிதமாக இறுக்கினாலே கசியாது. ரப்பர் இறுகிப்போயிருந்தாலோ அதன் பள்ளத்தில் பழைய பசை ஒட்டியிருந்தாலோ எவ்வளவு இறுக்கினாலும் கசியும். நடு நட்டின் அடியில் உள்ள வாசரும், ஆல்டர்னேட்டர் வயர்கள் பெட்டியை விட்டு வெளியேறும் துளையின் ரப்பர் வளையமும் கசிவுக்கான மற்ற வாய்ப்புகள். எண்ணெய் வயரின் மேலேயே வழிந்து போய்த் தொலைவில் எங்கோ சொட்டும் விந்தையும் நடக்கும்.

இந்தப் பெட்டியின் எண்ணெய் அளவு தானாக ஏறினால், கிராங்குக்குப் பின்னால் உள்ள ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். எஞ்சின் எண்ணெய் இங்கே வந்துகொண்டிருக்கிறது. கிளட்ச் நழுவுவது இதற்கு இன்னொரு அடையாளம். எஞ்சினின் அழுத்தமும் கூடவே வருவதால் எவ்வளவு நல்ல வெளிமூடி சீலும் தாங்காது. வெளியே உள்ள ரப்பரை மூன்று முறை மாற்றியும் நிற்காத கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளேயுள்ள இந்தச் சிறிய சீல்தான்.

ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர் என்பது செப்புக் கம்பிச் சுருள்கள் கொண்ட வளையம், அது அசையாது. அதன் நடுவில் காந்தங்கள் பதித்த ரோட்டார் கிராங்கோடு சேர்ந்து சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 0.2 மி.மீ. இடைவெளி வேண்டும், ஃபீலர் கேஜின் தகடு எல்லாப் பக்கமும் தடையின்றிப் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உரசிப் பளபளப்பாகத் தெரிந்தால் ஸ்டேட்டர் நடுவில் பூட்டப்படவில்லை, அல்லது கிராங்க் பேரிங்கே தேய்ந்துவிட்டது.

இனி இரண்டு கோளாறும் எப்படிக் கைகோக்கின்றன என்று பார்க்கலாம். கசிவை நிறுத்துவதற்காக மூடியைக் கழற்றுகிறார்கள். சீலை மாற்றிவிட்டு மூடும்போது ஸ்டேட்டர் வயர்கள் சற்று விலகிச் செயினுக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. தளர்ந்த செயின் ஓடும்போது அலைந்து வயரின் உறையைத் தேய்க்கிறது. சில வாரம் கழித்து, ஒரு மழை இரவில் பேட்டரி இறங்கி நடுவழியில் வண்டி நிற்கிறது. அன்று புதிய பேட்டரி வாங்குகிறார்கள், அதுவும் இறங்குகிறது. இதன் மறுதலையும் உண்டு: மின்னேற்றக் கோளாறுக்காக மூடியைத் திறந்தவர் பழைய ரப்பரையே போட்டு மூடிவிட, அதுவரை கசியாத வண்டி கசியத் தொடங்கும். எனவே எந்தக் காரணத்துக்காக இந்த மூடியைத் திறந்தாலும் செயினின் தளர்ச்சி, வயர் செல்லும் வழி, வயர் துளையின் ரப்பர், ஸ்டேட்டர் இடைவெளி, மூடியின் சீல் ஆகிய ஐந்தையும் ஒரே முறையில் பார்த்து முடித்துவிடுவதே அறிவுடைமை. செயின் கையால் அழுத்தினால் ஏறக்குறைய 6 மி.மீ. மேலும் கீழும் ஆடலாம். செயினைச் சுற்றிவிட்டு, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் இந்த அளவைப் பார்க்க வேண்டும்.

மின்னேற்றம் நடக்கும் விதம்

ரோட்டாரின் காந்தங்கள் சுருள்களைக் கடக்கும்போது அவற்றில் மாறுதிசை மின்னோட்டம் தூண்டப்படுகிறது. பேட்டரிக்குத் தேவை நேர்திசை மின்னோட்டம். இதை மாற்றித் தருவது ரெக்டிஃபையர். மின்னழுத்தம் அளவு மீறாமல் காப்பது ரெகுலேட்டர். 12 வோல்ட் வண்டிகளில் இவை பெரும்பாலும் ஒரே பெட்டியாக இருக்கும். மிகப் பழைய வண்டிகள் 6 வோல்ட் முறையில் இயங்கியவை.

உள்நாட்டில் விற்ற 12 வோல்ட் மாடல்கள் பலவற்றில் ஸ்டேட்டரிலிருந்து நான்கு வயர்கள் வருகின்றன. இரண்டு வயர்கள் ஹெட்லைட்டுக்கு மாறுதிசை மின்சாரத்தை நேரடியாகத் தருகின்றன. மற்ற இரண்டும் பேட்டரியை ஏற்றுவதற்கு. இதைத் தெரியாதவர்கள், ஹெட்லைட் நன்றாக எரிகிறது, ஆகவே ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்து பேட்டரிமேல் பழி போடுகின்றனர். உண்மையில் ஒரு ஜோடிச் சுருள் உயிரோடு இருக்கும்போதே மற்றொரு ஜோடி அறுந்திருக்கலாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இவ்வகை வண்டிகளில் ஹெட்லைட் மங்குவது கோளாறு அல்ல, அதன் இயல்பு.

ஹெட்லைட்டின் மேல்கூட்டில் உள்ள அம்மீட்டர் புல்லட்டின் அடையாளங்களில் ஒன்று. நடுவில் சுழி, இருபுறமும் கூட்டலும் கழித்தலும். முள் கழித்தல் பக்கம் சாய்ந்தால் பேட்டரியிலிருந்து மின்சாரம் போகிறது, கூட்டல் பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்குள் வருகிறது. மெதுவான ஓட்டத்தில் கழித்தலைத் தொட்டு, முடுக்கியதும் கூட்டலுக்கு வந்து, பேட்டரி நிரம்ப நிரம்பச் சுழியை நெருங்குவதே சரியான நடத்தை. இண்டிகேட்டர் போடும்போது முள் துடிப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எவ்வளவு முடுக்கினாலும் கழித்தலிலேயே கிடந்தால் மின்னேற்றம் இல்லை. முள் எப்போதும் சுழியிலேயே செத்துக் கிடந்தால் அம்மீட்டரையே சந்தேகிக்கலாம். மின்சாரம் அதன் வழியாகவே ஓடுவதால், அதன் பின்புற நட்டுகள் தளர்ந்தாலே வண்டி முழுவதும் இருட்டாகிவிடக்கூடும்.

பிளாட்டினம் பாயிண்ட் கொண்ட வண்டிகளைக் கிளப்ப இதே முள் உதவியது. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல மிதித்துக்கொண்டே போனால், பாயிண்ட் திறக்கும் நொடியில் முள் கழித்தலிலிருந்து சுழிக்குத் தாவும். அங்கே டிகம்பிரஷர் நெம்பைப் பிடித்துச் சற்றே தள்ளி, விட்டு, ஓங்கி மிதித்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மறுபுறம், பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை அப்படியே விட்டுவிட்டுப் போவது பேட்டரியைக் கொல்லும் எளிய வழி. பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதி போதும்: இக்னிஷன் காயிலின் மின்தடை 3.5 ஓம் என்று கொண்டால் 12 வோல்ட்டில் ஓடுவது ஏறத்தாழ 3.4 ஆம்பியர். 5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள சிறிய பேட்டரி அந்த வேகத்தில் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். காயிலும் சூடேறிக் கெடும்.

மல்டிமீட்டர் கொண்டு பார்த்தல்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் பாகங்களை ஊகத்தில் மாற்ற வேண்டியதில்லை. வரிசை முக்கியம், முதலில் பேட்டரி, கடைசியில் ஸ்டேட்டர். வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியின் முனைகளில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிரம்பியிருக்கிறது. 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. 12.6 காட்டிய பேட்டரி ஹார்ன் அடித்ததும் 10-க்குக் கீழே விழுந்தால் உள்ளே தகடுகள் தளர்ந்துவிட்டன. எத்தனை முறை ஏற்றினாலும் நிற்காது.

பேட்டரி சரியென்றால் எஞ்சினைக் கிளப்பி 2500, 3000 சுற்றளவுக்கு முடுக்கி மீண்டும் அதே முனைகளில் பார்க்க வேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் மின்னேற்றம் நன்றாக இருக்கிறது, தேடலை நிறுத்திவிடலாம். முன்பிருந்த அளவிலேயே நின்றால் மின்னேற்றம் இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரித் தண்ணீர் வேகமாகக் குறைவதும், அழுகிய முட்டை வாடையும் இதற்குச் சாட்சி. குழாய்த் தண்ணீரை ஊற்றுவது கூடாது. காய்ச்சி வடித்த நீர் மட்டுமே.

மின்னேற்றம் இல்லாதபோது உடனே ரெக்டிஃபையரை வாங்க ஓட வேண்டாம். ஃபியூஸ், பிறகு எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மறு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, விளக்குகள் எரியும்போது பார்த்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் இணைப்பு சரியில்லை. கடலை ஒட்டிய சென்னையில் இதுவே மிக அதிகமாகக் காணும் கோளாறு. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து இணைப்பான்களில் பச்சைப் பூச்சை உண்டாக்குகின்றன. அவற்றைப் பிரித்து எமரித் தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, சிறிது வாசலின் தடவினால் பாதி வண்டிகள் பிழைத்துவிடும்.

இதன் பிறகே ஸ்டேட்டர். அதன் வயர்களை இணைப்பானில் பிரித்து, மீட்டரை மாறுதிசை அளவீட்டில் வைத்து, ஜோடியின் குறுக்கே எஞ்சினை முடுக்கிப் பார்த்தால் வோல்ட் வேகத்தோடு சேர்ந்து சீராக ஏற வேண்டும். முடுக்கியும் ஓரிரு வோல்ட்டிலேயே நின்றால் சுருள் போய்விட்டது. மீட்டர் இல்லாதவர்கள் 12 வோல்ட் 35 வாட் பல்பை ஜோடியின் குறுக்கே இணைத்துப் பார்க்கலாம். மெல்ல முடுக்கும்போது பளிச்சென்று எரிய வேண்டும்; அதிகம் முடுக்கினால் பல்பே போய்விடும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வயருக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொடர்பு காட்டினால் சுருளோ வயரோ உடலைத் தொடுகிறது. செயின் தேய்த்த வயரை இந்தச் சோதனை பிடித்துவிடும். ஸ்டேட்டர் நல்ல மாறுதிசை வோல்ட் தந்தும் பேட்டரிக்கு ஏறவில்லை என்றால்தான் ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர் குற்றவாளி. ஒரு எச்சரிக்கை: பேட்டரியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கக் கூடாது. வோல்ட் கட்டின்றி ஏறி, நன்றாக இருந்த பாகங்களையும் கெடுத்துவிடும்.

எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கும் வண்டிகள் உண்டு. அபிராமபுரத்திலிருந்து லஸ் வரை போய்க் காய்கறி வாங்கித் திரும்புவதும், சிக்னலுக்குச் சிக்னல் பிரேக் விளக்கை எரியவிட்டு நிற்பதுமாக இருந்தால், எடுத்த அளவு பேட்டரிக்குத் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. இதற்கு மருந்து வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம், அல்லது வீட்டில் ஒரு சிறிய சார்ஜர். கூடுதல் விளக்குகளும் இரட்டை ஹார்னும் பூட்டியவர்கள் அந்தச் சிறிய ஆல்டர்னேட்டர் எவ்வளவு தரும் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

உதிரி பாகங்களும் கழிவு எண்ணெயும்

சென்னையில் இந்த வண்டிக்குப் பாகம் கிடைக்காத நிலை அரிது. புதியவற்றுக்கு ஜி.பி. ரோடு, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. ரப்பர் சீல், பேக்கிங், ரெகுலேட்டர் போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் பொருளில்லை. மூடிகள், ராக்கர் பெட்டி போன்ற வார்ப்புப் பாகங்களைப் பழையதாக வாங்கலாம். மரை பிய்ந்திருக்கிறதா, ஓரம் வளைந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் மழையிலும் நகரத்தில் பல வண்டிகள் நீரில் மூழ்கின. மூழ்கிய புல்லட்டை உடனே மிதித்துக் கிளப்பக் கூடாது. மூன்று அறைகளின் எண்ணெயையும் வடித்துப் பார்க்க வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. புதிய எண்ணெய் ஊற்றி, சிறிது ஓட்டி, அதையும் வடித்து, மீண்டும் புதிது ஊற்றினால்தான் பேரிங்குகள் தப்பும். ஃபெல்ட் வடிகட்டியையும் மாற்றிவிட வேண்டும், ஏனெனில் அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வடித்த எண்ணெயை மழைநீர்க் கால்வாயில் ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து அது பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் போகிறது. இந்தியச் சட்டம் பயன்படுத்திய எண்ணெயை அபாயக் கழிவாக வகைப்படுத்துகிறது. மூடியுள்ள பழைய கேனில் சேர்த்து வைத்து, அதை முறையாக எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடலாம்.